முற்றத்தில் தொடங்கும் உலகம்

வானத்தையும் நிலத்தையும் பார்த்துப் பொருளறியத் தெரிந்த மக்களுக்குக் காலத்தின் பொருளறியத் தெரியவில்லையே என்று ஆண்டவர் இயேசு கடிந்துகொண்டதை லூக்கா நற்செய்தியின் 12 ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். மேற்கே மேகம் எழுந்தால் மழை வரும் என்பதும், தெற்கிலிருந்து காற்று வீசினால் வெப்பம் மிகும் என்பதும் அம்மக்களுக்குத் தெரிந்திருந்தன. இப்பகுதியை மனமாற்றத்திற்கான அழைப்பாகவே நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். அது சரியே. ஆயினும் அதனுள் ஒரு சிறிய புவியியல் பாடமும் அடங்கியிருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பாலஸ்தீனத்திற்கு மேற்கே மத்தியதரைக் கடல், தெற்கே பாலைநிலம். கடலிலிருந்து மேகம் வரும். பாலையிலிருந்து அனல் வரும். கலிலேயாவின் உழவரும் மீனவரும் இதை எந்தப் பள்ளியிலும் பயிலவில்லை. தாம் வாழ்ந்த நிலமே அவர்களுக்கு ஆசானாக இருந்தது.

இந்த அடையாளத்தை அப்படியே கொண்டுவந்து நம் கிழக்குக் கரையில் வைத்தால் பொருந்துமா? பொருந்தாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நாகப்பட்டினத்துச் சிறுவன் கிழக்கே, வங்கக் கடலின்மேல்தான் மழை மேகத்தைக் காண்கிறான். அங்கே மேற்கு, இங்கே கிழக்கு என்று திசை மாறினாலும், கடலிருக்கும் பக்கமே மழை வரும் பக்கம் என்ற உண்மை ஒன்றே. இந்த வேறுபாட்டையும் இந்த ஒற்றுமையையும் ஒருங்கே உணரும் குழந்தை புவியியலின் வாயிலுக்குள் நுழைந்துவிட்டது எனலாம். அந்த வாயிலுக்குக் குழந்தையை அழைத்துச் செல்லும் வழி எது என்பதைப் பற்றி மனித குலம் சென்ற 400 ஆண்டுகளாகச் சிந்தித்து வந்துள்ளது. அந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

நாடிழந்தவர் காட்டிய வழி

தொடக்கக் கல்வியின் வரலாற்றில் முதலில் நிற்பவர் ஜான் ஆமோஸ் கொமேனியுஸ் (1592–1670). மொராவியாவில் பிறந்தவர், பொகேமியச் சகோதரர் சபையின் ஆயர். முப்பதாண்டுப் போரில் வீடும் நூல்களும் இழந்தார். மனைவியையும் இரு குழந்தைகளையும் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தார். 1628 இல் தாய்நாட்டைவிட்டு வெளியேறியவர் பின்னர் அங்கே திரும்பி வாழவேயில்லை. அவரை வெளியேற்றியது ஒரு கத்தோலிக்க அரசு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நாடிழப்பதற்கு முந்தைய ஆண்டில், 1627 இல், அவர் வரைந்த மொராவியாவின் வரைபடம் வெளியாகியிருந்தது. தாம் இழக்கவிருந்த மண்ணை ஆறு ஆறாக, ஊர் ஊராகத் தாளில் எழுதி வைத்தவர் அவர்.

குழந்தைக்குப் புவியியல் எப்போது தொடங்குகிறது என்ற கேள்விக்கு அவர் தந்த விடை வியப்பூட்டுவது. தாய் மடியிலேயே தொடங்குகிறது என்றார் அவர். மலை எது, பள்ளத்தாக்கு எது, வயல் எது, ஆறு எது, சிற்றூர் எது என்று பிரித்தறியத் தொடங்கும் நாளே முதற் பாடத்தின் நாள். 1658 இல் நூரன்பர்க் நகரில் வெளியான அவரது படநூல் குழந்தைகளுக்கென்றே அமைந்த பாடநூல்களுள் முன்னோடியானது. சொல்லுக்கு முன் பொருளைக் காட்டு, பொருள் இல்லையேல் அதன் படத்தையேனும் காட்டு என்பது அவரது கொள்கை.

நூறாண்டு கழித்து, 1762 இல், ரூசோ தம் 'எமீல்' நூலில் இதே கருத்தை வேறு வகையில் வலியுறுத்தினார். சிறுவனின் புவியியலில் முதல் இரண்டு இடங்கள் அவன் வாழும் ஊரும் அவன் தந்தையின் நாட்டுப்புற வீடுமே. அவ்விரண்டுக்கும் இடைப்பட்டவற்றை அவன் பின்னர் சேர்த்துக்கொள்வான் என்றார். ரூசோவின் சமயக் கருத்துகளைத் திருச்சபை ஏற்கவில்லை, அந்நூலே கண்டிக்கப்பட்டது. எனினும் குழந்தையை உற்று நோக்கும் கண் அவருக்கு இருந்தது என்பதில் ஐயமில்லை.

கூடையில் வந்த பள்ளத்தாக்கு

எண்ணத்தைச் செயலாக்கியவர் சுவிட்சர்லாந்தின் பெஸ்டலோசி. 1805 முதல் 1825 வரை இவெர்டோன் நகரத்துக் கோட்டையொன்றில் அவர் நடத்திய பள்ளியில் புவியியல் பாடம் நடந்த விதத்தை அங்குப் பயின்ற மாணவர் ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். ஆசிரியர் சிறுவர்களை அருகிலுள்ள பூரோன் ஓடையின் பள்ளத்தாக்கிற்கு அழைத்துச் செல்வார். முதலில் முழுமையாகவும், பின்பு பகுதி பகுதியாகவும் அதைப் பார்க்கச் செய்வார். அதன்பின் ஓடைக்கரைக் களிமண்ணைக் கூடைகளில் வாரிக்கொண்டு கோட்டைக்குத் திரும்புவார்கள். நீண்ட மேசைகளின்மேல் ஒவ்வொரு சிறுவனும் தான் கண்ட பள்ளத்தாக்கின் ஒரு பங்கைக் களிமண்ணால் உருவாக்குவான். அடுத்தடுத்த நாள்களில் இன்னும் மேலேறிப் பார்த்து, உருவத்தையும் விரிவாக்குவார்கள். அந்த மண்ணுருவம் முழுமை பெற்ற பிறகே வரைபடம் அவர்கள் முன் விரிக்கப்படும். அதற்குள் வரைபடத்தைப் படிக்கும் ஆற்றல் அவர்களுக்குத் தானாகவே வந்திருக்கும்.

1807 இல் அப்பள்ளிக்கு வந்தவர்களுள் ஒருவர் கார்ல் ரிட்டர். பின்னாளில் நவீனப் புவியியலை நிறுவியோருள் ஒருவராகப் போற்றப்பட்டவர். பெஸ்டலோசிக்குத் தெரிந்த புவியியல் செய்திகள் ஒரு தொடக்கப் பள்ளிச் சிறுவனுக்குத் தெரிந்தவற்றைவிடக் குறைவே. ஆயினும் அத்துறையில் தமக்குக் கிட்டிய அறிவின் ஊற்று அவரே என்ற பொருள்பட ரிட்டர் கூறினார். நிறைய அறிந்தவர் ஒருவரும், அறியும் வழியை அறிந்தவர் ஒருவரும் சந்தித்த இடம் அது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களாகிய நம்மவர் பலருக்கும் இச்செய்தி ஆறுதல் அளிக்கும் என நம்புகிறோம்.

வண்ணம் தீட்டிய வரைபடம்

இந்த நல்வழி நெடுகவும் தூய்மையாகவே சென்றது என்று கூறிவிட முடியாது. 1870–71 போரில் பிரான்சு தோற்று, அல்சேஸ் நிலப்பகுதியின் பெரும்பகுதியையும் லொரேனின் ஒரு பகுதியையும் ஜெர்மனியிடம் இழந்தது. அதன்பின் பிரெஞ்சுப் பள்ளிகளில் புவியியல் பாடம் திடீரென முக்கியத்துவம் பெற்றது. பெத்தானியே என்ற ஓவியர் 1887 இல் தீட்டிய ஓவியம் ஒன்று அக்காலத்தை நம் கண்முன் நிறுத்துகிறது. ஆசிரியர் சுவரிலுள்ள வரைபடத்தைச் சுட்டுகிறார். அவர் கோல் தொடும் இடம், இழந்த நிலம், கருநிறமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. மாணவன் அதை உற்றுப் பார்க்கிறான். அந்த வகுப்பில் மலையும் ஆறும் கற்பிக்கப்பட்டனவோ இல்லையோ, ஆறாத பகை கற்பிக்கப்பட்டது.

அதே காலத்தில், 1877 இல் வெளியான 'இரு சிறுவர்களின் பிரான்சுப் பயணம்' என்ற வாசக நூல் பல இலட்சம் படிகள் விற்றது. லொரேனைச் சேர்ந்த தாய் தந்தையற்ற சகோதரர் இருவர் நாடெங்கும் நடந்து, ஊர்களையும் தொழில்களையும் காணும் கதை அது. நல்ல நூல்தான். ஆனால் 1906 இல், திருச்சபையையும் அரசையும் பிரிக்கும் சட்டம் நிறைவேறிய மறு ஆண்டில், வெளிவந்த திருத்தப் பதிப்பில் கடவுளைப் பற்றிய குறிப்புகளும் கோவில்களைப் பற்றிய பகுதிகளும் நீக்கப்பட்டன. எதைக் குழந்தைக்குக் காட்டுவது, எதை மறைப்பது என்ற முடிவை வரைபடம் தீட்டுபவரே எடுக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஜெர்மனியிலோ, பெஸ்டலோசியின் வழியில் வளர்ந்த 'சொந்த ஊர்ப் பாடம்' பின்னர் நாஜிகளின் கையில் சிக்கி, இரத்தத்தையும் மண்ணையும் வழிபடும் பாடமாகத் திரிந்தது. சொந்த மண்ணில் தொடங்க வேண்டும் என்பது உண்மை. சொந்த மண்ணிலேயே நின்றுவிட்டால் அதுவே நஞ்சாகிவிடும் என்பதும் உண்மை.

வேறு குரல்களும் எழாமல் இல்லை. 1885 இல் பிரான்சுச் சிறையொன்றில் இருந்த உருசியப் புவியியலாளர் குரோபோட்கின், எந்நாட்டவராயினும் நாமனைவரும் உடன்பிறந்தோர் என்பதைக் குழந்தைப் பருவத்திலேயே கற்பிப்பது புவியியலின் கடமை என்று எழுதினார். இறைநம்பிக்கை இல்லாத ஒருவர் நற்செய்தியின் இதயத்திற்கு இத்தனை அருகில் வந்து நின்றது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. சுவீடனில், ஆசிரியர் சங்கத்தின் வேண்டுகோளை ஏற்று செல்மா லாகர்லோஃப் 1906, 1907 ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக எழுதிய நூலில், நில்ஸ் என்ற குறும்புக்காரச் சிறுவன் வாத்தின் முதுகில் ஏறி நாடு முழுவதையும் காண்கிறான். தொடக்கப் பள்ளிக்கான புவியியல் வாசகமாகவே அது எழுதப்பட்டது. 1909 இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசை அவர் பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

நம் நிலத்தில்

தமிழர்க்கு நிலமறிவு புதியதன்று. பாட்டுக்குரிய பொருளை வகுத்தபோது நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்தவர்கள் நம் முன்னோர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற பிரிவில் மலையும் காடும் வயலும் கடலும் வெறும் பெயர்களாக நிற்பதில்லை. அங்கங்கே வாழும் மக்களின் தொழிலோடும் உணவோடும் பறவையோடும் பூவோடும் இணைந்து நிற்கின்றன. எனினும் திண்ணைப் பள்ளிகளில் புவியியல் தனிப் பாடமாக இருந்ததில்லை. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1826 இல் பதிவு செய்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. 1,88,650 பேர் பயின்றனர். மணலில் எழுத்தும் சுவடியில் எண்ணும் நிகண்டும் அங்கே கற்பிக்கப்பட்டன.

தமிழில் புவியியல் நூல் எழுதிய முன்னோடி, பாளையங்கோட்டையில் பணியாற்றிய புராட்டஸ்தாந்து மறைப்பணியாளர் ரேனியுஸ். அவரது 'பூமி சாஸ்திரம்' 1832 இல் வெளிவந்தது. பிற சபையைச் சார்ந்தவராயினும் தமிழ்ச் சிறுவருக்கு உலகைத் தமிழில் விரித்துக் காட்டிய அவரை நன்றியோடு நினைப்பது நம் கடன்.

அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன், 1802 ஏப்ரல் 10 அன்று, நமக்கெல்லாம் புனிதமான பரங்கிமலை அடிவாரத்தில் வேறொரு வேலை தொடங்கியிருந்தது. வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரி, புனித தோமையார் மலைக்கும் பெரும்பாக்கத்திற்கும் இடையே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்ததுதான் இந்தியத் துணைக்கண்டத்தின் பெரும் நில அளவை. கோபுரங்களும் குன்றுகளும் அதற்குக் குறியிடங்களாயின.

இப்போது நாம் கடற்கரைக்கு வருவோம். முத்துக்குளித்துறை முதல் குமரிவரை நம் மீனவச் சகோதரர்கள், கரையிலுள்ள ஆலயக் கோபுரத்தையும் அதற்கப்பால் தெரியும் மலை முகட்டையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்துப் பார்த்து, கடலுக்குள் மறைந்து கிடக்கும் மீன்பாரை எங்கே என்று கண்டுகொள்கிறார்கள். லாம்டன் அரை டன் எடையுள்ள கருவியால் செய்ததை ஒத்த வேலையை அவர்கள் வெறுங்கண்ணால் செய்து வந்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான், தெற்கிலிருந்து வருவது சோழகம் என்று காற்றுக்குப் பெயரிட்டு, அதனதன் குணமும் அறிந்தவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வந்து, தொலை நாட்டு ஆறுகளின் பெயர்களை ஒப்பிக்க முடியாமல் விழிக்கும்போது, 'புவியியலில் பின்தங்கியவன்' என்று மதிப்பெண் இட்டு அனுப்பியிருக்கிறோம். அவனிடம் இருந்த அறிவைக் கேட்டறியும் வினா நம் வினாத்தாளில் இல்லை. பள்ளிகளை நடத்திய சமூகம் என்ற முறையில் இதில் நமக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கொடைக்கானல் மலையில் ஒரு தாய்

இந்த வரலாற்றின் அழகிய அதிகாரம் ஒன்று நம் மலையிலேயே எழுதப்பட்டது. மரியா மாண்டிசோரி அம்மையார் இத்தாலியக் கத்தோலிக்கர், மருத்துவர். உரோமை நகரின் ஏழ்மை மிகுந்த சான் லொரென்சோ பகுதியில் அவர் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது 1907 சனவரி 6, மூன்று அரசர்கள் திருநாள். முசோலினியோடு இணங்கிப் போக இயலாத நிலையில் அவருடைய பள்ளிகள் 1934 இல் இத்தாலியில் மூடப்பட்டன. 1939 இல், 69 வயதில், சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று ஆசிரியர் பயிற்சி அளிக்க வந்தார். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் 'பகை நாட்டவர்' ஆனார். மகன் மாரியோ சிறைமுகாமில் வைக்கப்பட்டார். அம்மையாரின் 70 ஆம் பிறந்த நாளான ஆகஸ்டு 31 அன்று தாயிடம் திருப்பி அனுப்பப்பட்டார். பின்னர் 1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் தங்கினர். அங்கே பல நாட்டு, பல வயதுக் குழந்தைகளுக்காக ஒரு சிறு பள்ளி நடந்தது.

அவருடைய முறையில் குழந்தை முதலில் தொடுவது ஒரு சிறிய உலக உருண்டை. நிலப்பகுதி சொரசொரப்பான உப்புத்தாளாலும், நீர்ப்பகுதி வழவழப்பாகவும் அமைந்திருக்கும். விரலால் தடவியே குழந்தை நிலத்தையும் நீரையும் பிரித்தறியும். அடுத்து, தட்டுகளில் அமைந்த நில வடிவங்கள். நடுவே மேடும் சுற்றிலும் பள்ளமுமான தட்டில் நீரூற்றினால் தீவு. நடுவே பள்ளமான தட்டில் ஊற்றினால் ஏரி. இப்படியே தீபகற்பத்திற்கு இணை வளைகுடா. பூசந்திக்கு இணை நீரிணை. தன் கையால் நீரூற்றிய குழந்தைக்கு இலங்கை ஏன் தீவு, பாக் நீரிணை ஏன் நீரிணை என்பதை விளக்க நெடிய சொற்கள் தேவைப்படா. எல்லைகள் வரைந்த வரைபடம் இவற்றிற்கெல்லாம் பிறகே வரும்.

இங்கே ஒரு முரண்பாடு தோன்றலாம். பெஸ்டலோசி முற்றத்தில் தொடங்கினார். மாண்டிசோரியோ உலக உருண்டையில் தொடங்குகிறார். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கோ அவர் பிரபஞ்சம் முழுவதையுமே முதற் பாடமாக வைத்தார். கொடைக்கானல் ஆண்டுகளில் உருப்பெற்ற இந்தக் கல்வியில், நீரும் நெருப்பும் கல்லும் காற்றும் படைத்தவர் தமக்கு இட்ட சட்டத்திற்குக் கீழ்ப்படிந்து இவ்வுலகை ஆக்கிய வரலாறு கதையாகச் சொல்லப்படுகிறது. அருகிலிருந்து தொலைவுக்கா, முழுமையிலிருந்து பகுதிக்கா என்ற வழக்கு இன்றும் முற்றுப்பெறவில்லை. ஆனால் உற்று நோக்கினால் இருவரும் ஒன்றுபடும் இடம் தெரிகிறது. இருவரிடத்திலும் குழந்தையின் கை முதலில் மண்ணைத் தொடுகிறது; சொல் பின்னால் வருகிறது. உலகப் போரின் நடுவே, எல்லைக்கோடுகளால் அலைக்கழிக்கப்பட்ட ஒரு தாய், எல்லைக்கோடு இல்லாத உருண்டையைக் குழந்தைகளின் கையில் தந்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

அலை கற்பித்த பாடம்

2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று வேளாங்கண்ணிக் கரையில் நின்ற திருப்பயணிகளை நாம் எண்ணாமல் இருக்க முடியாது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர்.

அதே காலையில் தாய்லாந்தின் கடற்கரையொன்றில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி நின்றிருந்தாள். இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் ஆழிப்பேரலையைப் பற்றிப் படித்திருந்தாள். கடல்நீர் நுரைத்து, வழக்கத்திற்கு மாறாக இயங்குவதைக் கண்டதும் பெற்றோரை எச்சரித்தாள். கரையிலிருந்தோர் அகன்று உயிர் பிழைத்தனர். சுமத்திராவின் அருகிலுள்ள சிமெலுவே தீவிலோ பள்ளிப் பாடமும் தேவைப்படவில்லை. 1907 இல் நேர்ந்த பேரலையின் நினைவை 'ஸ்மோங்' என்ற ஒரே சொல்லில் வைத்துப் பாட்டிகள் பேரக்குழந்தைகளுக்குச் சொல்லி வந்தனர். நிலம் அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதே அதன் பொருள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அத்தீவில் அன்று இறந்தவர் ஏழு பேர்.

ஆயினும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். தாய்லாந்திலும் சிமெலுவேயிலும் அலையின் தாழ்ந்த பகுதி முதலில் வந்தது. ஆகவே கடல் முதலில் உள்வாங்கியது. நம் கிழக்குக் கரைக்கு அலையின் உயர்ந்த பகுதியே முதலில் வந்தது. கடல் உள்வாங்கும்வரை காத்திரு என்ற பாடம் நமக்கு உதவியிருக்காது. ஆனால் நிலநடுக்கம் நிகழ்ந்து இரண்டு மணி நேரத்திற்குப் பின்னரே அலை நம்மை அடைந்தது. முதல் அலையோடு பேரலை முடிந்துவிடுவதில்லை என்பதையும், உயரமான இடம் எது, அங்கே செல்லும் பாதை எது என்பதையும் நம் கரையின் ஒவ்வொரு குழந்தையும் அறிந்திருக்க வேண்டும். மேற்கே எழும் மேகத்தைப் போலவே, ஒரு கரையின் அடையாளம் மற்றொரு கரைக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஒவ்வொரு கரைக்கும் அதனதன் புவியியல் வேண்டும். இது மதிப்பெண்ணைப் பற்றிய செய்தியன்று, உயிரைப் பற்றியது.

நாம் செய்யக்கூடியது

2005 ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டம், மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்புவரை அறிவியலையும் சமூகத்தையும் இணைத்துச் சுற்றுச்சூழல் பாடமாகக் கற்பிக்கச் சொன்னது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலின் ஆறாம் அதிகாரம், பொது இல்லமாகிய பூமியைக் காக்கும் கல்வி குடும்பத்திலும் பள்ளியிலும் மறைக்கல்வியிலும் தொடங்க வேண்டுமென்கிறது. ஏட்டில் குறையொன்றும் இல்லை. குறை நம் பழக்கத்தில் இருக்கிறது.

பெரிய செலவேதும் இதற்கு வேண்டாம். வீட்டு முற்றத்தில் காலையும் மாலையும் நிழல் விழும் பக்கத்தைக் குழந்தையோடு சேர்ந்து குறித்து வைக்கலாம். ஊர்க் குளத்திற்கு நீர் எங்கிருந்து வருகிறது, நிரம்பினால் எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே கால்வாயோரம் நடக்கலாம். வழியில் அது மறைந்துபோன இடத்தில் யார் வீடு நிற்கிறது என்பதையும் குழந்தை கண்டுகொள்ளும்; அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். மறைக்கல்வி வகுப்பில் கலிலேயாக் கடல் முதல் எருசலேம்வரை ஈரமண்ணால் அமைத்துப் பார்த்தால், 'எரிகோவுக்கு இறங்கிச் சென்றார்' என்பதில் வரும் 'இறங்கி' என்ற சொல்லின் பொருள் பிள்ளைகளின் விரலுக்கே விளங்கும். மீனவரான தந்தையை ஒரு நாள் வகுப்பறைக்கு அழைத்துக் காற்றின் பெயர்களைச் சொல்லச் செய்தால், அன்று அவர் பிள்ளை நிமிர்ந்து உட்காருவான்.

தாம் இழந்த மொராவியாவை வரைந்த கொமேனியுசையும், பகை நாட்டவராக நம் மலையில் தங்கிய மாண்டிசோரியையும் எண்ணிப் பார்க்கிறோம். மண் எவருக்கும் நிலையான உடைமையன்று, ஒப்படைக்கப்பட்ட பொருள். அதைக் குழந்தையின் கையில் கொடுக்குமுன், அதன் பெயரையும் இயல்பையும் ஆபத்தையும் அழகையும் சொல்லிக் கொடுப்பது, ஒப்படைக்கப்பட்டவர்களாகிய நம் கடமை.